கொட்டகையா, மேய்ச்சலா? பால் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் குளுவாங் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டம் தொடங்கும் ஓரத்தில் எங்கள் மாட்டுக் கொட்டகை இருக்கிறது. கறவை, கிடேரி, கன்று எல்லாம் சேர்த்து 26 உருப்படி. காலையில் தூக்குப் பாத்திரத்தோடு வரும் அக்காமார், வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள், நாமும் நாலு மாடு கட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கும் தம்பிகள், ஆளுக்கொரு கேள்வியோடு வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மாட்டு டாக்டர் இல்லை. மூன்று தலைமுறையாக மாடு கட்டும் வீட்டில் பிறந்தவன், அவ்வளவுதான்.

பால் பெட்டிப் படத்தில் மாடு பச்சைப் புல்வெளியில் நிற்கிறது. உங்கள் மாடுகள் ஏன் கொட்டகையிலேயே நிற்கின்றன?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். சில பேர் கொஞ்சம் கோபத்தோடும் கேட்பார்கள்.

அந்தப் படம் நியூசிலாந்தையோ ஹாலந்தையோ பார்த்துப் போட்டது. நியூசிலாந்தில் ரைகிராஸ் புல்லும் குளோவரும் கலந்து மெத்தென்று வளரும். மாட்டு வயிற்றில் சீக்கிரம் செரிக்கும். பெரும்பாலான பண்ணைகளில் மாடு வருஷம் முழுக்க வெளியில்தான் கிடக்கும், கறக்க மட்டும் நடந்து வரும். ஹாலந்தில் கோடையில் மேயும், குளிர்காலம் வந்தால் கொட்டகைக்குள் போய்விடும். அவர்கள் குளிருக்காக மாட்டை உள்ளே கட்டுகிறார்கள், நாம் வெயிலுக்காகக் கட்டுகிறோம்.

ஃப்ரீசியன் என்ற குளிர்நாட்டுக் கறவை இனத்துக்கு 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை சுகம். குளுவாங்கில் பகலில் 32, 33 டிகிரி அடிக்கும், காற்றில் ஈரம் வேறு. போதாததற்கு மாட்டின் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. தின்ற புல் நொதித்துச் செரிக்கும்போது சூடு கிளம்பிக்கொண்டே இருக்கும். அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும், அதற்கேற்ப உடம்பும் சுடும். அப்படிப்பட்ட மாட்டை நடுப்பகலில் வெட்டவெளியில் விட்டுப் பாருங்கள், ஒரு வாய் புல் கடிக்காது. நிழல் எங்கே என்று தேடி நின்று வாயால் மூச்சு வாங்கும்.

புல்லும் வேறு. நம் ஊர் வெப்பப் புல் மளமளவென்று வளரும், அதே வேகத்தில் முற்றி நாராகிவிடும். மாடு வயிறு முட்டத் தின்றிருக்கும், பால் மட்டும் இருக்காது. அதனால்தான் புல்லைச் சரியான பருவத்தில் அறுத்து மாட்டிடம் கொண்டுபோகிறோம்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் மாடுகள் மேய்ந்தனவே?

மேய்ந்தன. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு சின்னத் தொழுவம், அதில் இரண்டு பசு. விடியற்காலை 4 மணிக்குப் பாட்டி கறந்துவிடுவார். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போகும் முன், தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டுக்கும் கடைக்கும் பால் போய்விடும். லயத்து மாடுகள் எல்லாவற்றையும் ஒரு பெரியவர் சேர்த்து ஓட்டிப்போவார். மாட்டுக்கு இவ்வளவு என்று மாசக்கூலி. ரப்பர் மரங்களின் வரிசைக்கு நடுவே நிழலும் இருந்தது, புல்லும் இருந்தது. சாயங்காலம் மணிச்சத்தம் கேட்டால் பிள்ளைகள் படலைத் திறக்க ஓடுவார்களாம். அப்பா சொல்லக் கேட்டது.

அப்புறம் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இளம் செம்பனையின் ஓலை மாட்டுக்குக் கரும்பு மாதிரி. ஒரு மாடு புகுந்தால் ஒரு வரிசையே மொட்டை. தோட்டங்கள் மாட்டைத் தடை செய்தன. பிறகு தோட்டங்களே துண்டு துண்டாக விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, சனங்கள் டவுனில் அடுக்குமாடிக்கும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்கும் வந்தார்கள். நாலாவது மாடியில் பசுவை எங்கே கட்டுவது? விற்றுவிட்டார்கள். விற்க மனமில்லாத சில குடும்பங்கள் எங்களைப் போல் ஊர் ஓரத்தில் ஒதுங்கின.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அந்த மாடுகள் ஒரு நாளைக்கு 3, 4 லிட்டர்தான் கறந்தன. வீட்டுச் செலவுக்கு அது போதும், பிழைப்புக்குப் போதாது. 'அந்தக் காலத்துப் பால்' என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் முகம் சுருங்கும்.

இப்போது செம்பனைக்கு அடியில் மேய விடலாமா? புல் சும்மாதானே கிடக்கிறது?

சும்மா கிடப்பதாகத்தான் தெரியும். தோட்ட நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு மாடு கூட உள்ளே போகக் கூடாது, முதல் விஷயம் அது. அனுமதி கிடைத்தாலும் மரத்துக்கு ஐந்து வயசாவது ஆகியிருக்க வேண்டும், ஓலை மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு சிக்கல் வந்துவிடும். மரம் வளர வளர மேலே ஓலை மூடிக்கொள்ளும், கீழே வெளிச்சம் குறையும், புல்லும் குறையும்.

முறையாகச் செய்கிற தோட்டங்கள் இருக்கின்றன. சூரியத்தகட்டில் ஓடும் மின்வேலி கட்டி, ஒரு பகுதியில் சில நாள் மேய விட்டு, வேலியை அடுத்த பகுதிக்கு நகர்த்துவார்கள். பழைய இடத்துக்குத் திரும்ப ஆறேழு வாரம் ஆகும், அதற்குள் புல் தழைத்திருக்கும். மலாய்க்காரர்கள் ரும்புட் இஸ்ரேல் என்று சொல்லும் களையை மாடு ஆசையாகத் தின்னும். தோட்டத்துக்குக் களையெடுக்கும் செலவு மிச்சம். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் இறைச்சி மாட்டுக்கு. கெடா–கிளந்தான் மாடு போன்ற சிறிய, வெயில் தாங்கும் இனங்கள் இதற்குச் சரி. நாளுக்கு இருமுறை கறக்க வேண்டிய கறவையை மூன்று கிலோமீட்டர் நடத்திப் போய்க் கூட்டி வந்தால், தின்றதில் பாதி காலிலேயே செலவாகிவிடும். கீழே விழுந்து கிடக்கும் ஓலையின் முள் மடியில் கீறினால் அதற்கு மேல் ஒரு மருந்துச் செலவு.

எனக்குப் பெரிய பயம் களைக்கொல்லிதான். பராக்குவாட்டை 2020 ஜனவரி 1 முதல் மலேசியா தடை செய்துவிட்டது. மற்ற மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. தெளித்த அன்றே புல் கருகாது, பச்சையாகத்தான் இருக்கும். மாட்டுக்கு என்ன தெரியும்? எலிக்கு வைக்கும் விஷக்கட்டி மரத்தடியில் கிடக்கும், கன்று முகர்ந்து நக்கும். சில வருஷம் முன்பு அண்டையில் ஒரு தோட்டத்தில் மருந்தடித்த தகவல் எங்களுக்கு வந்து சேரவில்லை. சாயங்காலம் திரும்பிய ஒரு கிடேரி வாயில் நுரை தள்ள நின்றது. இரண்டு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அதிலிருந்து சினைக் கிடேரிகளையும் பால் வற்றிய மாடுகளையும் மட்டும், எங்கள் சொந்த வேலிக்குள் இருக்கும் அரை ஏக்கரில், வெயில் தாழ்ந்தபின் விடுகிறோம். மேயட்டும், காலாறட்டும்.

காலையில் பனி காய்ந்தபின்தான் விட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். குடற்புழுவின் குட்டிகள் ஈரம் இருக்கும்போது புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். வெயில் ஏறினால் கீழே இறங்கிவிடும். கன்றுகளுக்கு இது முக்கியம்.

எந்த இன மாடு வைத்திருக்கிறீர்கள்?

பெரும்பாலும் மாஃப்ரிவால். பஞ்சாப் பக்கத்து சாஹிவாலையும் கறுப்பு வெள்ளை ஃப்ரீசியனையும் கலந்து மலேசியாவில் உருவான இனம், பெயரும் அப்படி வந்ததுதான். வெயிலையும் உண்ணியையும் தாங்குவது சாஹிவால் பக்கத்துக் குணம், கறப்பது ஃப்ரீசியன் பக்கத்துக் குணம். 8, 10 லிட்டர் எதிர்பார்க்கலாம். சுத்த ஃப்ரீசியன் 20 லிட்டர் கூடக் கறக்கும், ஆனால் அதற்கு மின்விசிறி, தண்ணீர்த் தெளிப்பு, நல்ல தீவனம் என்று ராஜ உபசாரம் வேண்டும். ஒரு வேளை மின்சாரம் போனால் நமக்குத்தான் முதலில் வியர்க்கும்.

நாட்டு மாடும் இரண்டு இருக்கின்றன. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த காலத்தில் கூடவே வந்த மாடுகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் இனம். கால்நடைத் துறையின் ஏட்டில் அதன் பெயரே 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்ற பொருளில்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் வைத்திருக்கக் கூடாது. அம்மா விடமாட்டார்.

கொட்டகை எப்படிக் கட்ட வேண்டும்?

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்கும் தம்பிகள் எல்லாம் மாட்டுக்குக் காசு செலவழித்துவிட்டு, கொட்டகைக்கு மிச்சம் மீதியைப் போடுகிறார்கள்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே போகும். இப்படிக் கட்டினால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். கூரையின் தாழ்வான ஓரமே 10 அடிக்குக் குறையக் கூடாது, உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு வேண்டும். ஜிங்க் தகடு போடுவதென்றால் உயரத்தை இன்னும் கூட்டுங்கள், அல்லது அடியில் சூடு தடுக்கும் அட்டை போடுங்கள். தாழ்ந்த ஜிங்க் கூரைக்கு அடியில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் நான் எதற்குச் சொல்கிறேன் என்று புரியும். சுவர் வேண்டவே வேண்டாம். இரும்புக் குழாய்த் தடுப்பு போதும். மழைச்சாரல் அடிக்கும் பக்கம் கூரையை நீட்டிவிடுங்கள்.

கட்டி வளர்க்கும் முறையில் ஒரு கலப்பின மாட்டுக்கு 4 அடி அகலம், ஐந்தரை அடி நீளம். அவிழ்த்துவிட்டு வளர்த்தால் கூரைக்கு அடியில் தலைக்கு 40 சதுர அடி, திறந்த வெளியில் அதைப் போல இரு மடங்கு. தரை பின்னோக்கி 40 அங்குலத்துக்கு 1 அங்குலம் சரிய வேண்டும். அப்போதுதான் மூத்திரம் வடிகாலுக்கு ஓடும். இதைவிடச் சரிவு கூடினால் சினைமாட்டுக்கு ஆகாது.

தரை விஷயத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். புதுக் கொட்டகை கட்டியபோது மேஸ்திரி சிமெண்டைக் கண்ணாடி மாதிரி இழைத்துவிட்டார். பார்க்க அழகு. மூன்றாம் வாரம், கறந்துவிட்டு அவிழ்த்த ஒரு மாடு வழுக்கி, பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. எட்டுப் பேர் சாக்குப் பட்டை கட்டித் தூக்கினோம். எழுந்தது, ஆனால் அதற்குப் பின் அது சரியாக நடக்கவே இல்லை. மறுநாள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, கையகல இடைவெளியில் விரல் தடிமனுக்குக் கோடு கோடாகக் கொத்தினோம். படுக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போட்டோம். ரப்பர் தோட்டத்து மாடுகளின் பேரப்பிள்ளைகள் இப்போது ரப்பர் மேல் படுக்கின்றன.

தரை சரியா என்று பார்க்க ஒரு சோதனை: நின்ற இடத்திலிருந்து தொப்பென்று முழங்கால் போட்டு உட்காருங்கள். உங்களுக்கு வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். அப்படியே 25 விநாடி இருந்து எழுங்கள். கால்சட்டை முட்டி நனைந்திருந்தால் படுக்கை ஈரம் அதிகம், மடிநோய் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நாள் முழுக்கக் கட்டியே வைப்பது கொடுமை இல்லையா?

நியாயமான கேள்வி. குட்டையான கயிற்றில், திரும்பி நக்கிக்கொள்ளக் கூட முடியாமல் கட்டி வைத்தால் கொடுமைதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 2015 விலங்கு நலச் சட்டமும் வளர்ப்பவர் மேல் பொறுப்பை வைத்திருக்கிறது.

ஒரு கறவை மாடு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க விரும்பும். படுத்துக்கொண்டு அசைபோடும்போதுதான் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. அதனால் மேய்ச்சல் நிலத்தைக் காட்டிலும் முதலில் தேவை, நிம்மதியாகப் படுத்து எழ ஓர் உலர்ந்த இடம். எங்கள் மாடுகளைக் கறக்கும்போதும் தீவனம் வைக்கும்போதும் மட்டும் கட்டுகிறோம். பலசாலி மாடு பக்கத்து மாட்டின் பங்கையும் தின்றுவிடும், அதைத் தடுக்கத்தான் அந்தக் கட்டு. மற்ற நேரம் கொட்டகைக்கும் பின்னால் இருக்கும் திறந்த முற்றத்துக்கும் போய் வரும். நடக்கும் மாட்டுக்குச் சினைப்பருவம் வந்தால் உடனே தெரிந்துவிடும். ஒன்றன் மேல் ஒன்று தாவும். கட்டிய மாட்டில் அது தெரியாமலே 21 நாள் கடந்துபோகும், சினை ஊசி போடும் வாய்ப்பும் கூடவே போகும்.

புல்லுக்கு என்ன செய்கிறீர்கள்?

நேப்பியர். நாலு ஏக்கர் குத்தகை நிலத்தில் நட்டிருக்கிறோம். கரும்பு மாதிரி கரணை வெட்டி நட்டால் இரண்டு மாதத்தில் முதல் அறுப்பு, அதன்பின் 40, 45 நாளுக்கு ஒருமுறை. இடுப்புக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ், இந்த உயரத்தில் அறுக்க வேண்டும். பத்தடி வளரட்டும் என்று காத்திருந்தால் எடை கிடைக்கும், சத்து கிடைக்காது.

400 கிலோ எடையுள்ள ஒரு மாட்டுக்குத் தண்ணீர் நீக்கிய கணக்கில் நாளுக்குச் சுமார் 12 கிலோ தீனி வேண்டும். பச்சை நேப்பியரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். 40 கிலோ புல் போட்டால் 8 கிலோ சேரும், மிச்சம் 4 கிலோவுக்குத் தீவனம். ஆக 10 மாட்டுக்கு ஒரு நாளைக்கு 400 கிலோ புல் அறுத்து, சுமந்து, நறுக்க வேண்டும். மழையோ, தீபாவளியோ, காய்ச்சலோ, மாடு கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நேப்பியர் இலையில் மெல்லிய சுணை இருக்கும். அரைக்கைச் சட்டை போட்டு அறுத்தால் ராத்திரி முழுக்கக் கை அரிக்கும். நீளக்கைச் சட்டை, காலணி, கூர்மையான அரிவாள், இவை இல்லாமல் புல் வயலில் இறங்காதீர்கள்.

சாணியையும் கழுவின தண்ணீரையும் அந்த வயலுக்கே திருப்பிவிடுகிறோம். நன்றாகச் சாணி விழுந்த ஏக்கர் நாலைந்து மாட்டைத் தாங்கும்.

தீவனத்தில் என்ன கலக்கிறீர்கள்? செம்பனைப் புண்ணாக்கு நல்லதா?

மலேசியாவில் இருந்துகொண்டு செம்பனை விதைப் புண்ணாக்கை விட்டுவிடுவது முட்டாள்தனம். பிகேசி என்று கேட்டால் எந்தத் தீவனக் கடையிலும் கிடைக்கும். புரதம் 14 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். குறை என்னவென்றால் மணல் மாதிரி நறநறக்கும், ஓட்டுத்துண்டு கிடக்கும், பழசானால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். வாங்கும்போது ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். வீட்டில் செம்மறி ஆடு இருந்தால் அதற்கு மட்டும் போடாதீர்கள்; இதிலுள்ள செம்புச் சத்து அதன் ஈரலைக் கெடுத்துவிடும்.

தௌஃபூ செய்யும் இடத்திலிருந்து சோயா சக்கை வருகிறது. ஈரமான சரக்கு, அன்றன்றே தீர வேண்டும். சிம்பாங் ரெங்கம் பக்கம் அன்னாசி விளையும் ஊர், தோலும் சக்கையும் மலிவாகக் கிடைக்கும். இனிப்புக்கு மாடு வாலை ஆட்டிக்கொண்டு வரும். ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்துப் படுத்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். தோராயக் கணக்கு: இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ தீவனம். இதோடு தாது உப்புக்கட்டி ஒன்று எப்போதும் தொங்கட்டும்.

தண்ணீர்?

கறவை மாடு நாளுக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும், வெயில் நாளில் இன்னும் கூடும். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான், அது எங்கிருந்தோ வர வேண்டுமே. தொட்டி நிழலில் இருக்கட்டும், வாரம் இருமுறை பாசி தேய்த்துக் கழுவுங்கள். நீங்கள் கைவைத்துக் குடிக்கத் தயங்கும் தண்ணீரை மாட்டுக்கு வைக்காதீர்கள்.

மாட்டுக்கு வெயில் தாங்கவில்லை என்பது எப்படித் தெரியும்?

கடிகாரத்தை எடுத்துக்கொண்டு விலாவைப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் மாடு தவிக்கிறது. 90ஐத் தொட்டு, நாக்கு வெளியே வந்து, எச்சில் ஒழுகினால் ஆபத்து. படுக்காமல் எல்லாம் நின்றுகொண்டே இருப்பதும் ஓர் அறிகுறி, நின்றால் உடம்பில் காற்றுப் படும்.

பனிப்புகை மாதிரி நீர் தெளிக்கும் கருவியை இங்கே வாங்காதீர்கள். வறண்ட நாட்டில் அது காற்றைக் குளிர வைக்கும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம், இன்னும் புழுங்கத்தான் செய்யும். முதுகுத் தோல் வரை நனைகிற மாதிரி பெருந்துளியாக ஒரு நிமிஷம் தண்ணீர் விட்டு, பிறகு மின்விசிறியை ஓட விடுங்கள். மடிக்கு வழிந்து இறங்கும் அளவுக்கு நனைக்க வேண்டாம். தீனியின் பெரும்பங்கைச் சாயங்காலத்துக்குப் பிறகு வையுங்கள், வயிற்றுச் சூடு ராத்திரிக் குளிரில் கரையட்டும்.

மழைக்காலத்தில்?

வெயிலுக்கு அடுத்த எதிரி ஈரக்கால். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை பிடித்தால் முற்றம் சேறாகிவிடும், குளம்பு ஊறி அழுகும். அந்த மாதங்களில் மேய்ச்சலை நிறுத்திவிடுகிறோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரை அடித்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தாழ்வான இடத்தில் கொட்டகை போடத் தோன்றாது. எங்கள் பழைய தொழுவத்தில் அப்போது முழங்கால் தண்ணீர். மாட்டை அவிழ்த்து மேட்டுச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினோம், புல்லைத் தோளில் சுமந்து கொண்டுபோனோம். 2023 மார்ச்சிலும் அப்படி ஒரு மழை வந்தது. அதற்குள் இடம் மாறியிருந்தோம்.

ஈயும் கொசுவும் பெருகும் காலமும் இதுதான். 2021இல் இந்த நாட்டுக்குள் வந்த தோல் கழலை நோயைக் கடிக்கும் பூச்சிகள்தான் பரப்புகின்றன. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும், பால் சரிந்துவிடும். சாயங்காலம் தேங்காய் மட்டையைப் பற்றவைத்து, மேலே ஈரப் புல்லைப் போட்டுப் புகை மூட்டுவது தாத்தா காலத்து வழக்கம், இன்றும் செய்கிறோம். கண் எரியும், ஆனால் மாடுகள் தாமாகவே புகை பக்கம் வந்து நிற்கும். தடுப்பூசிக்கு அது ஈடு கிடையாது. கோமாரிக்கும் மற்றவைக்கும் கால்நடைத் துறையிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேய்ந்த மாட்டுப் பால்தான் உசத்தி என்கிறார்களே?

பச்சைப் புல் தின்னும் மாட்டின் பாலில் மஞ்சள் சாயல் இருக்கும். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள்தான் காரணம். கொழுப்பின் தன்மையும் கொஞ்சம் நல்லவிதமாக மாறும். இதற்கெல்லாம் காரணம் பச்சைப் புல். மாடு அதை நடந்துபோய்த் தின்றதா, நாங்கள் அறுத்துப் போட்டோமா என்பது பாலுக்குத் தெரியாது. வெறும் புண்ணாக்கையும் வைக்கோலையும் தின்ற மாட்டின் பால்தான் வெளுத்திருக்கும்.

எந்த மாட்டுப் பாலானாலும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பச்சைப் பால் உடம்புக்குச் சக்தி என்று யாரோ சொன்னதாக வரும் அண்ணன்மாருக்கு நான் விற்பதே இல்லை. காசநோயும் ப்ரூசெல்லாக் காய்ச்சலும் பால் வழியே வரக்கூடியவை.

கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பது ஏன்?

பிறந்த ஆறு மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். தாயிடமே விட்டால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. அதனால் கலப்பினக் கன்றுகளுக்குப் புட்டியில் கொடுத்துத் தனிக் கூண்டில் வைக்கிறோம், பெரிய மாடுகளின் நோய் அண்டாமல் இருக்கும். நாட்டு மாட்டிடம் இந்த வேலை நடக்காது. கன்று வந்து முட்டினால்தான் பால் இறங்கும், இல்லாவிட்டால் காம்பை இழுத்து இழுத்து நம் விரல்தான் வீங்கும். ஒரு பக்கம் கன்று, மறுபக்கம் அம்மா என்று பங்கு போட்டுக்கொள்வார்கள்.

நாற்றம் அடிக்காதா? பக்கத்து வீட்டார் புகார் செய்ய மாட்டார்களா?

அடிக்கும். ஒரு மாடு நாளுக்கு 25 கிலோ சாணி போடும். இரண்டு நேரமும் வாரிக் கழுவினால் மாட்டு வாடை மட்டும் இருக்கும். ஒரு நாள் விட்டால் தெருக்கோடி வரை தெரியும். தாமானுக்குள் மாடு வளர்க்க ஆசைப்படாதீர்கள். நகராண்மைக் கழகம் ஒத்துக்கொள்ளாது, நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாலையில் திரியவிட்டால் பிடித்துப் பட்டியில் அடைத்து அபராதம் போடுவார்கள். அதைவிட, ராத்திரி மோட்டார் சைக்கிளில் வரும் பையன் ஒரு கறுப்பு மாட்டில் மோதினால் யார் பதில் சொல்வது?

புதிதாகத் தொடங்குகிறேன். எத்தனை மாடு வாங்கலாம்?

இன்றைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். முதலில் நிலத்தைப் பிடித்துப் புல்லை நடுங்கள். இரண்டு மாதம் கழித்து அறுத்து எடை போடுங்கள், அந்த எடைதான் எத்தனை மாடு என்று சொல்லும். அதற்குள் கொட்டகையை முடியுங்கள். பிறகு இரண்டாம் ஈற்றுக் கறவை இரண்டு, சினைக் கிடேரி ஒன்று, போதும். வாங்கும் மாட்டைக் காலையிலும் மாலையிலும் உங்கள் கையால் கறந்து பார்த்து வாங்குங்கள். காலையில் மட்டும் காட்டினால் முந்தின மாலை கறக்காமல் விட்டிருப்பார்கள். குளுவாங்கிலேயே மலேசியக் கால்நடைக் கழகம் இருக்கிறது, பயிற்சி கேட்டுப் பாருங்கள். நல்ல பண்ணை முறைக்கு அரசு கொடுக்கும் மைகேப் சான்றிதழைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள், கொட்டகை வரைபடம் போடும்போதே அதன் விதிகளைப் படித்துவிட்டால் பின்னால் இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

பிள்ளைகளைக் கூட்டி வந்து பார்க்கலாமா?

தாராளமாக. சாயங்காலம் நாலரைக்கு வாருங்கள், கறப்பதைப் பார்க்கலாம். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், எல்லாரும் காலை நனைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். வேறு பண்ணைக்குப் போய்விட்டு அதே செருப்போடு வராதீர்கள், கோமாரி அப்படியும் வரும். ரொட்டி, பிஸ்கட் ஊட்ட வேண்டாம். புல் ஊட்டலாம், நாங்களே நறுக்கிக் கொடுப்போம். மூன்றாவது தூணில் நிற்கும் வெள்ளை நாட்டு மாட்டுக்குப் பின்னால் மட்டும் போகாதீர்கள். அம்மாவைத் தவிர வேறு யாரையும் அது இன்னும் மனுஷராகச் சேர்த்துக்கொள்ளவில்லை.